அழுது வடியும் ஓர் ஆங்கிலச் சொல்

தாயைப் பறிகொடுத்த ஓர் அரசியல்வாதி நிருபர்களிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச ஆரம்பித்ததுமே குரல் கம்மிவிடுகிறது. கைக்குட்டை நனைகிறது. மறுநாள் ஆங்கில நாளிதழில் அவர் ‘டியர்ஃபுல்லி’ பேசினார் என்று செய்தி வந்தால், குடும்பத்தார் அதைக் கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டிவைப்பார்கள். அதே இடத்தில் ‘லாக்ரிமோஸ்லி’ என்று அச்சாகியிருந்தால், பத்திரிகை ஆசிரியருக்கு அன்று காலையிலேயே காட்டமாக ஒரு தொலைபேசி வரும்.

இத்தனைக்கும் அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள்தான்: கண்ணீர் மல்க, கண்ணீரோடு. இன்னும் தோண்டினால், இரண்டும் ஆதியில் ஒரே சொல் என்றே தெரியவரும். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டில் ஒன்று துக்க வீட்டுக்குள் நுழையலாம், இன்னொன்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஏன்?

முதலில் எளிய சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘டியர்’ என்றால் கண்ணீர். (அன்பே என்று கூப்பிடும் ‘டியர்’ வேறு. நம் ‘ட’ இரண்டு ஒலிக்கும் ஒரே சட்டையை மாட்டிவிடுவதால் வரும் குழப்பம் இது.) ‘ஃபுல்’ என்றால் நிறைந்த. கடைசியில் நிற்கும் ‘லி’தான் சுவாரசியமான ஆசாமி. பள்ளிக்கூடத்தில் ஆட்வெர்ப் நடத்தும்போது, “பெயரடையோடு லி சேர்த்தால் வினையடை” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அந்த ‘லி’ எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அது ஒரு காலத்தில் தனிச் சொல். பழைய ஆங்கிலத்தில் ‘லீச்’ என்றால் உடல். உயிருள்ள உடலும்தான், பிணமும்தான். ‘இன்னாரின் உடலைப் போன்ற, இன்ன வடிவுள்ள’ என்ற பொருளில் மற்றச் சொற்களின் பின்னால் ஒட்டத் தொடங்கி, தேய்ந்து தேய்ந்து ‘லி’ ஆகிவிட்டது. ‘போல’ என்று பொருள்படும் ‘லைக்’ கூட அதே வீட்டுப் பிள்ளைதான். ஜெர்மன் மொழியில் பிணத்துக்கு இன்றும் ‘லைஹ’ என்றுதான் பெயர். டச்சு மொழியில் பிணமும் ‘லைக்’, அடைச்சொற்களின் வாலும் அதே எழுத்துகள். இங்கிலாந்தின் பழைய கிராமத்துத் தேவாலயங்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூரை போட்ட மண்டபம் ஒன்று இருக்கும். சவப்பெட்டியைச் சுமந்து வருபவர்கள் பாதிரியார் வரும்வரை அதை அங்கே இறக்கிவைப்பார்கள். அதன் பெயர் ‘லிச்கேட்’, அதாவது பிணவாசல். ‘டியர்ஃபுல்லி’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் கிடக்கும் உடலின் ஒரு துண்டைத்தான் ஆங்கிலேயர் சொல்லின் கடைசியில் கட்டிவிடுகிறார்கள். தமிழிலும் உடம்புக்கு ‘மெய்’ என்று பெயர் இருப்பதையும், ‘மெய்யாக’ என்று ஒரு வினையடை இருப்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இனிக் கண்ணீரின் கதை.

‘டியர்’ என்ற சொல்லையும் லத்தீனின் ‘லாக்ரிமா’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றுதான் தோன்றும். உறவை நிரூபிக்க வழி காட்டியவர்களில் ஒருவர், ஹான்சல் – கிரெட்டல் கதையை உலகத்துக்குக் கொடுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப் கிரிம். குழந்தைக் கதை சேகரித்த அதே மனிதர், 1822இல் வெளிவந்த தம் ஜெர்மன் இலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் ஒலிமாற்ற விதி ஒன்றை வகுத்துச் சொன்னார். டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் அதை நான்கு ஆண்டுக்கு முன்பே கவனித்திருந்தார். லத்தீனிலும் கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் ‘த’ போல மெல்ல அதிரும் ஒலி எங்கே இருக்கிறதோ, அங்கே ஆங்கிலத்தில் வல்லின ‘ட’ நிற்கும். இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். தசமி, தசாவதாரம் என்பவற்றில் வரும் ‘தச’ ஆங்கிலத்தில் ‘டென்’. யானைத் தந்தத்தின் ‘தந்த’ அங்கே ‘டூத்’. இரண்டைக் குறிக்கும் ‘த்வி’ அங்கே ‘டூ’.

கண்ணீருக்குக் கிரேக்கத்தில் ‘தாக்ரு’. விதிப்படி ‘த’ போய் ‘ட’ வர வேண்டும், நடுவில் இருக்கும் ‘க’ இளகி ‘ஹ’ ஆகவோ மெலிந்த ‘க’ ஆகவோ வேண்டும். நான்காம் நூற்றாண்டில் உல்ஃபிலா கோத் மொழியில் பெயர்த்த விவிலியத்தில் கண்ணீர் என்பது ‘டாகர்’. பழைய ஆங்கிலத்தில் ‘டேயகோர்’ என்றும் ‘டேயர்’ என்றும் இரண்டு வடிவம் இருந்தன. நடுவில் இருந்த ககரம் கரைந்து போன வடிவம்தான் இன்று நிலைத்திருக்கிறது.

சரி, லத்தீனில் அது ஏன் ‘ல’வில் தொடங்குகிறது? அதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஹோமரின் ஒடிசியை லத்தீனுக்குக் கொண்டுவந்த லிவியஸ் ஆந்த்ரோனிக்கஸ், கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டுக்காரர். அவர் ‘லாக்ரிமா’ என்று எழுதாமல் ‘தாக்ரிமா’ என்றே எழுதினார் என்று பிற்காலத்து ரோமானிய அகராதிக்காரர் ஃபெஸ்டஸ் குறித்துவைத்திருக்கிறார். சில சொற்களில் ரோமானியர் நாக்கில் ‘த’ வழுக்கி ‘ல’ ஆகியிருக்கிறது. அந்த நாக்கே அப்படி வழுக்கியதுதான்! முதலில் ‘திங்குவா’வாக இருந்தது ‘லிங்குவா’ ஆனது. ஆங்கிலத்தில் அதே சொல் ‘டங்’. கண்ணீரும் நாக்கும் ஒரே பாதையில் நடந்து ஒரே இடத்தில் சறுக்கியிருக்கின்றன.

சமஸ்கிருதத்தின் ‘அச்ரு’வும் இந்தக் குடும்பம்தானா, முதலெழுத்தான ‘த’ எங்கே போயிற்று என்பதில் மொழியியலாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஹிந்திப் பாட்டில் வருகிற ‘ஆன்சூ’ அந்த அச்ருவின் பேரன்.

ஆக, ஆங்கிலத்தில் கண்ணீர் இரண்டு முறை நுழைந்தது. முதல் முறை தாய்ப்பாலோடு, ‘டியர்’ ஆக. இரண்டாம் முறை படித்தவர்களின் பெட்டியில் லத்தீன் புத்தகங்களோடு. ‘லாக்ரிமோசஸ்’ என்றால் லத்தீனில் கண்ணீர் நிறைந்த என்று பொருள். அதைப் பதினேழாம் நூற்றாண்டில் அப்படியே தூக்கி வந்து ‘லாக்ரிமோஸ்’ ஆக்கினார்கள். பிறகு பிணவாசல் ‘லி’யை அதிலும் ஒட்டினார்கள். லத்தீன் தலை, ஜெர்மானிய வால்.

தூக்கி வந்தவர்கள் எழுத்திலும் ஒரு தப்பைச் சேர்த்தே தூக்கி வந்தார்கள். அசல் லத்தீனில் இந்தச் சொல்லில் ‘எச்’ எழுத்தும் இல்லை, ‘ஒய்’ எழுத்தும் இல்லை. இடைக்காலத்தில் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த எழுத்தர்கள், இது கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லாகத்தான் இருக்கும் என்று நினைத்து, கிரேக்க வாடை வரட்டும் என்று இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். கப்பல் நங்கூரத்தைக் குறிக்கும் ‘ஆங்கர்’ என்ற சொல்லில் தேவையில்லாமல் ஒரு ‘எச்’ உட்கார்ந்திருப்பதும் இதே போன்ற அதிகப்பிரசங்கித்தனத்தால்தான். மருத்துவர்கள் பிற்பாடு விழித்துக்கொண்டார்கள். உடற்கூற்றியல் பெயர்களில் இன்று அந்த இரண்டு எழுத்தும் இல்லாத ‘லாக்ரிமல்’தான் முறையான வடிவம். இலக்கியக்காரர்கள் மட்டும் தப்பான எழுத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அழுகை என்றால் கொஞ்சம் அலங்காரம் வேண்டும் போலிருக்கிறது.

எழுத்தில் இருந்த இந்தப் பகட்டே பொருளிலும் இறங்கியது. லத்தீனில் அந்தச் சொல்லுக்குக் கேலி கிடையாது. கத்தோலிக்கரின் இறந்தோர் திருப்பலிப் பாடலில் ‘லாக்ரிமோசா’ என்று தொடங்கும் பகுதி இறுதித் தீர்ப்பு நாளின் துயரத்தைச் சொல்வது. வியன்னாவில் மொசார்ட் இறக்கும் தறுவாயில் எழுதிக்கொண்டிருந்த ரெக்வியத்தில் அந்தப் பகுதிக்கு முதல் எட்டு இசையடிகள்தான் அவர் கையால் எழுதப்பட்டவை. 1791 டிசம்பர் 5ஆம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். மீதியை அவருடைய உதவியாளர் சூஸ்மையர் முடித்துக்கொடுத்தார். அந்த இசையைக் கேட்டுவிட்டு யாரும் சிரித்ததில்லை. இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. டென்மார்க் அரசவையில் லூட் என்ற நரம்பு வாத்தியம் வாசித்த ஆங்கிலேயர் ஜான் டௌலண்ட், 1604இல் ‘லாக்ரிமே’ என்ற பெயரில் ஏழு கண்ணீர்களுக்கு ஏழு இசைக்கோவை என்று தொகுத்து வெளியிட்டார். அந்தப் பெயர் அவரோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டதென்றால், ‘லாக்ரிமே ஜான் டௌலண்ட்’ என்ற மாதிரி கையெழுத்தே போட்டார்.

கேலி பிறந்தது, லத்தீன் சொல் ஆங்கிலத்தில் அன்றாட வேலைக்கு வந்த பிறகுதான். துக்கம் தொண்டையை அடைக்கும்போது மனிதனுக்குத் தாய் வீட்டுச் சொல்தான் வரும். நான்கசை லத்தீன் சொல்லைத் தேடி எடுக்கிற அளவுக்கு ஒருவருக்கு நிதானம் இருக்கிறது என்றால், அவர் அழுபவரின் பக்கத்தில் இல்லை. சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். ‘லாக்ரிமோஸ்லி’ என்ற சொல் அழுதவரைப் பற்றிச் சொல்வதைவிட, எழுதியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதையே அதிகம் சொல்கிறது. நமக்கும் இது புதிதில்லை. ‘ஆனந்தக் கண்ணீர்’ என்றால் கல்யாண மண்டபம். ‘ஆனந்த பாஷ்பம்’ என்றால் இன்று பாதி கிண்டல். பாஷ்பமும் கண்ணீரும் ஒன்றுதான், ஆனால் பாஷ்பம் என்று சொல்பவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

இந்தச் சொல்லுக்குப் படம் வரையச் சொன்னால் லூயிஸ் கரோலின் கடற்பசுவைத்தான்... இல்லை, கடற்குதிரையும் இல்லை, தந்தம் நீண்ட வால்ரஸைத்தான் வரைய வேண்டும். ஆலிஸின் இரண்டாம் கதை 1871 இறுதியில் வெளிவந்தது. அதில் ஒரு வால்ரஸும் ஒரு தச்சனும் கடற்கரையில் சிப்பிகளை நைச்சியமாகப் பேசி உலாவக் கூட்டிப்போய், உட்காரவைத்து, ரொட்டியும் வினிகரும் சேர்த்துத் தின்றுவிடுகிறார்கள். தின்னும்போது வால்ரஸ் சிப்பிகளுக்காக அழுகிறது. ஒரு கையில் கைக்குட்டை, மறு கையால் பெரிய சிப்பியாகப் பொறுக்கல். கதையைக் கேட்ட ஆலிஸ், வால்ரஸுக்காவது கொஞ்சம் வருத்தம் இருந்ததே என்று அதன் கட்சிக்குப் போகிறாள். உடனே கதை சொன்னவர் அவளைத் திருத்துகிறார்: தச்சனைவிட அதிகம் தின்றது வால்ரஸ்தான், எத்தனை தின்கிறது என்று தச்சன் எண்ண முடியாதபடி மறைக்கத்தான் அந்தக் கைக்குட்டை. கரோல் அந்தப் பாட்டில் ‘லாக்ரிமோஸ்லி’ என்று எழுதவில்லை. எழுதத் தேவையே இல்லாமல் செய்துவிட்டார்.

அதே கரோலின் 1865ஆம் ஆண்டுக் கதையில் ஓயாமல் விம்மி அழும் போலி ஆமை ஒன்றும் வருகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஆமை அழுவது உண்மை. ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழி தோண்டிவிட்டு அசையாமல் கிடக்கும்போது அதன் கண்ணோரத்தில் கொழகொழவென்று நீர் வழிந்து, மணல் ஒட்டிக் கோடு விழுந்திருக்கும். பிள்ளை பெறும் வேதனை என்று பார்ப்பவர் மனம் இளகும். ஆமைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கடல் தண்ணீரில் வாழ்வதால் உடம்பில் சேரும் மிகுதி உப்பை, கண்ணீர்ச் சுரப்பியே மாறி அமைந்த உப்புச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கடலுக்குள்ளும் அது அழுதுகொண்டேதான் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

கேலிச் சொல்லாக இருந்தாலும், ஒருமுறை இது கனமான வேலைக்கும் போயிருக்கிறது. 1928இல் சாலோ பாரன் என்ற யூத வரலாற்றாசிரியர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை எழுதினார். யூதர்களின் இடைக்கால வரலாறு என்றாலே அடி, உதை, துரத்தல் என்று ஒரே கண்ணீர்க் கதையாக எழுதுவதை அவர் கண்டித்தார். அவர்களுக்கும் வியாபாரம் இருந்தது, சொந்த நீதிமன்றம் இருந்தது, கல்வி இருந்தது, அதையெல்லாம் கண்ணீரில் கரைத்துவிடாதீர்கள் என்றார். அந்த எழுத்து முறைக்கு அவர் வைத்த பெயரில்தான் ‘லாக்ரிமோஸ்’ வருகிறது. வரலாற்றுத் துறையில் அது இன்று வரை புழங்கும் கலைச்சொல். அதை எழுதியவர் துயரம் அறியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய பெற்றோரும் சகோதரியும் பிற்பாடு நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். 1961இல் ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார். ஆனாலும் தம் கருத்தை அவர் கைவிடவில்லை.

ஆங்கிலத்தில் அழுகையைக் கேலி செய்ய இன்னொரு சொல்லும் உண்டு. அதன் பிறப்பு இதைவிட அநியாயமானது. ‘மாட்லின்’ என்றால் அசட்டுத்தனமாக, குடித்தவன் போல உருகி அழுவது. 1592இல் தாமஸ் நாஷ் என்ற எழுத்தாளர் குடிகாரர்களை எட்டு வகையாகப் பிரித்தார். குரங்கு வகை, சிங்க வகை, பன்றி வகை என்று போகும் அந்தப் பட்டியலில் ஐந்தாவது ‘மாட்லின்’ வகை: குடித்துக்கொண்டிருக்கும்போதே பாசம் பொங்கி அழுது பக்கத்தில் இருப்பவனை முத்தமிடுபவன். (நம்மூர்க் கல்யாணத்துக்கு முந்தின இரவில் இவரைச் சந்திக்காதவர் குறைவு.)

அந்த ‘மாட்லின்’ யார்? தமிழ்க் கத்தோலிக்கர் மகதலா மரியா என்று அழைக்கும் மகதலேனா. யோவான் எழுதிய நற்செய்தியில் அவர் இயேசுவின் வெறுமையான கல்லறைக்கு வெளியே நின்று அழுகிறார். உயிர்த்தெழுந்தவரை முதலில் காண்கிறார். லூக்காவின் நற்செய்தியில் பெயர் சொல்லப்படாத வேறொரு பெண் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். பாவியான பெண் என்று லூக்கா எழுதுகிறார். 591இல் போப் முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் இந்த இரண்டு பெண்களும் ஒருவரே என்று சொல்லிவிட்டார். அது முதல் ஐரோப்பிய ஓவியங்களில் மகதலேனா கண் சிவந்து, தலைவிரிகோலமாக அழுதுகொண்டே இருக்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தி இருவரையும் பிரித்தது 1969இல்தான். அதற்குள் ஆங்கில அகராதியில் அந்தப் பெயர் குடிகாரன் அழுகையாகிவிட்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் 1458இல் தொடங்கிய மாக்டலன் கல்லூரியின் பெயரை இன்றும் ‘மாட்லின்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள். கேம்பிரிட்ஜிலும் அதே பெயரில் ஒரு கல்லூரி, அதே உச்சரிப்பு. அழுத பெண்ணின் பெயரைப் பழிச்சொல்லாக்குவதில் நாமும் சளைத்தவர்கள் இல்லை. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி, பஞ்சாயத்தார் முன் அழுது சாதித்த கதையிலிருந்துதான் நமக்கு ‘நீலிக் கண்ணீர்’ வந்தது. நீலி கதையிலாவது வஞ்சம் இருந்தது. மகதலேனா செய்த குற்றம் கல்லறை வாசலில் அழுதது மட்டும்தான்.

கேலியும் பழியும் ஏறாத இடம் ஒன்று உண்டென்றால் அது கண் மருத்துவமனை. பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு ஒரு கண்ணில் ஓயாமல் நீர் வடிந்து பீளை கட்டுகிறது என்று தூக்கிக்கொண்டு போனால், டாக்டர் முதலில் கண்ணின் உள்மூலையை, மூக்கை ஒட்டிய இடத்தில், விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்ப்பார். இமை ஓரத்தில் அங்கே ஊசி முனை அளவில் மேலும் கீழுமாக இரண்டு துளைகள் இருக்கும். கண்ணைக் கழுவிய நீர் அவற்றில் வடிந்து, சிறு பையில் தேங்கி, குழாய் வழியே மூக்குக்குள் இறங்கிவிடும். அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். அப்போது மூக்கைச் சிந்தினால் நாம் சிந்துவதில் கண்ணீரும் கலந்திருக்கிறது. அந்தக் குழாயின் கீழ் முனை சில குழந்தைகளுக்குத் திறந்திருக்காது. தாய் விரலால் கீழ்நோக்கி நீவிவிட்டாலே பெரும்பாலும் ஒரு வயதுக்குள் திறந்துகொள்ளும்.

பெரியவர்களுக்கு அந்தப் பை சீழ் வைத்தால், டாக்டர் எழுதும் சீட்டைக் கவனிக்க வேண்டும். நோயின் பெயர் ‘டாக்ரியோசிஸ்டைட்டிஸ்’: கிரேக்கத் ‘தாக்ரு’. அடைத்துக்கொண்ட இடம் ‘நேசோலாக்ரிமல் டக்ட்’: லத்தீன் ‘லாக்ரிமா’. கண் உலர்ந்தவருக்கு எழுதித்தரும் சொட்டு மருந்து ‘ஆர்ட்டிஃபிஷியல் டியர்ஸ்’: ஆங்கில ‘டியர்’. பல ஆயிரம் ஆண்டுக்கு முன் பிரிந்த மூன்று உறவினரும் ஒரு துண்டுக் காகிதத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள். நோயாளிகளுக்கு அந்தச் சந்திப்பு தெரியாது; அவர்களுக்கு அது ‘டி.சி.ஆர். ஆபரேஷன்’. அதன் முதல் எழுத்தான ‘டி’ அந்தக் கிரேக்கக் கண்ணீர்.

வேதியியலாரும் லத்தீனையே கைக்கொண்டார்கள். கண்ணீரை வரவழைக்கும் எதுவும் ‘லாக்ரிமேட்டர்’. கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வீசும் கண்ணீர்ப் புகையில் பரவலாக உள்ள சி.எஸ். என்ற பொருள், 1928இல் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் அதைத் தயாரித்த கார்சன், ஸ்டௌட்டன் இருவரின் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கியது. 1993ஆம் ஆண்டின் ரசாயன ஆயுத உடன்படிக்கைப்படி அதைப் போர்முனையில் எதிரி மீது வீசக் கூடாது. சொந்த ஊர்த் தெருவில் கலவரத்தை அடக்க வீசலாம். சமையலறைக் கண்ணீரிலும் லத்தீன் இருக்கிறது. வெங்காயத்தை அரியும்போது உடைந்த செல்களிலிருந்து கிளம்பிக் கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குவது ஒரு தனி நொதி என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் கண்டுபிடித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘லாக்ரிமேட்டரி ஃபேக்டர் சிந்தேஸ்’. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2013இல் அவர்களுக்குக் கிடைத்தது.

தொல்லியலாரும் ஒருமுறை இந்தச் சொல்லிடம் ஏமாந்திருக்கிறார்கள். ரோமானியர் கல்லறைகளில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பிகள் நிறையக் கிடைத்தன. துக்கம் கொண்டாடியவர்கள் கண்ணீரைப் பிடித்து மூடிவைத்த குப்பிகள் இவை என்று நம்பி, அவற்றுக்கு ‘லாக்ரிமேட்டரி’ என்று பெயரும் சூட்டி, அருங்காட்சியகங்களில் அடுக்கினார்கள். உண்மையில் அவற்றில் இருந்தது வாசனைத் தைலம். ஆனால் கண்ணீர்க் குப்பி என்ற பெயர் இன்றும் பழம்பொருள் கடைகளில் நன்றாக விலை போகிறது.

இவ்வளவு வரலாறு இருந்தும், நவீன எழுத்தாளர்களுக்கு இந்த வகைச் சொற்களைக் கண்டாலே ஆகாது. ‘சொன்னாள்’ என்ற வினைக்குப் பின்னால் வினையடையை ஒட்டாதே என்பது அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லெனார்டின் எழுத்து விதிகளில் ஒன்று. ஸ்டீஃபன் கிங்கும் எழுத்துக் கலை பற்றி 2000இல் வெளியிட்ட நூலில் வினையடைகளைத் திட்டித் தீர்த்திருக்கிறார். அதற்கு வெகு முன்பே, 1910 முதல் வந்த டாம் ஸ்விஃப்ட் சிறுவர் கதைகள் இந்தப் பழக்கத்தால் கிண்டலுக்கு ஆளாகி, அந்தப் பாத்திரத்தின் பெயரிலேயே ஒரு சிலேடை விளையாட்டு உருவானது. ‘பரீட்சைத் தாளைக் கிழித்துவிட்டேன், என்றான் டாம், டியர்ஃபுல்லி’ என்பது மாதிரி. கிழிப்பதற்கும் கண்ணீருக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, வேறு உச்சரிப்பு, வேறு பிறப்பு. கண்ணால் படித்தால்தான் சிரிப்பு வரும்.

தமிழுக்கு மொழிபெயர்ப்பவருக்குத் தலைவலி வேறு மாதிரி. அழுகையின் தரத்தைத் தமிழ் ஒரு வாலில் வைப்பதில்லை. வினையை இரட்டித்தும் ஒலியை ஒட்டியும் காட்டிவிடுகிறது. விம்மி விம்மி, தேம்பித் தேம்பி, குலுங்கிக் குலுங்கி, பொலபொலவென்று, ஓவென்று. ‘டியர்ஃபுல்லி’ என்று ஒரே சொல் வந்தால், அது தேம்பலா விம்மலா, கண் கலங்கியது மட்டும்தானா என்று கதையைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகைத் தமிழ் இந்தத் தொல்லையே வேண்டாமென்று ‘கண்ணீர் மல்க’ என்று முடித்துக்கொள்ளும். ‘கண்ணீரும் கம்பலையுமாக’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதில் வரும் கம்பலை கண்ணீரின் மோனைக்காக வந்த ஒப்புச் சொல் என்று நினைப்பவர்கள் பலர். அது தொல்காப்பியர் உரியியலில் ஆரவாரம் என்று பொருள் சொன்ன பழைய சொல். எனவே சத்தம் போட்டு அழுதால்தான் அந்தத் தொடர் பொருந்தும்.

‘லாக்ரிமோஸ்லி’க்கு இவை எதுவும் ஒத்துவராது. அதற்கு ஆங்கில – தமிழ் அகராதியைப் பார்த்துக் ‘கண்ணீர் ததும்ப’ என்று எழுதினால், கேலி செத்துவிடும். ஏற்ற சொல் அடுப்படியிலேயே இருக்கிறது. வோல்டேஜ் குறைந்து மினுக்கும் பல்பைப் பார்த்துப் பாட்டி சொல்வார்: “ஏண்டா, லைட்டு இப்படி அழுது வடியுது?” கலகலப்பில்லாத கல்யாண வீடும் அழுது வடியும், மாமியார் முன்னால் நிற்கும் மருமகன் முகமும் அழுது வடியும். அழுகையும் அதைப் பார்த்து அலுத்தவரின் சலிப்பும் ஒரே மூச்சில் வருகிற சொல் அது. அகராதி வைத்திருப்பவர்கள் ‘லாக்ரிமோஸ்லி’க்கு எதிரே ‘அழுது வடிந்தபடி’ என்று பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரங்கல் கடிதம் எழுதும் நாளில் மட்டும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம்.